வெறும் தண்ணீரில் இரண்டு டிகிரி

“மேடம், வெறும் தண்ணியிலயே ரெண்டு காட்டுதே, இன்னா மேடம் இது?”

கேட்டவர் இம்தியாஸ் பாய். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோல்களை ஊறப்போட்டுச் சுழற்றும் மூன்றாம் நம்பர் டிரம்முக்கு அவர்தான் ஆபரேட்டர். லேப் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கையில் நீளமான கண்ணாடி ஜாடி, ஜாடி நிறைய போர் தண்ணீர், அதில் செங்குத்தாக மிதந்துகொண்டிருந்தது, உப்பின் அளவு காட்டும் பாமே மீட்டர். அவருடைய ஈரக் கையுறையிலிருந்து சுண்ணாம்பு வாடை வந்தது.

நான் ப்யூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாய், இது நம்ம ஊரு தண்ணி. ரெண்டு இல்ல, நாலு காட்டினாலும் ஆச்சரியப்படாதீங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தேன். லேப்பில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில் அவரும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தி. இதை எழுதாதே என்று வீட்டிலேயே சொன்னார்கள். ஊர் சிரிக்கும் என்றார்கள். சிரிக்கட்டுமே. அன்றைக்கு நான் சிரித்ததற்கு இது சரியாகப் போகும்.

பழி எல்லாம் தண்ணி மேலே

அதற்கு முன்னால் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. சில்வர் நைட்ரேட் பட்டு என் விரல்நுனிகள் கறுத்திருப்பதைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு பெரியவர் கடிதம் போட்டிருக்கிறார். பெண் பிள்ளை விரலை இப்படிக் கெடுத்துக்கொள்ளலாமா, டீச்சர் வேலைக்குப் போகக் கூடாதா என்று கேட்கிறார். ஐயா, உங்கள் அக்கறைக்கு நன்றி. விரல் என்னுடையது. அந்தக் கறுப்பும் நான் சம்பாதித்தது.

இப்போது தண்ணீர். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். பேரணாம்பட்டில் எங்கள் வீட்டில் சமையலுக்குத் தனிக் குடம், துவைக்கத் தனித் தொட்டி. அண்ணி அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து வந்தவர். அங்கே கிணற்றுத் தண்ணீர் தித்திக்கும். கல்யாணமாகி வந்த முதல் நாள், தெரியாமல் தொட்டித் தண்ணீரில் உலை வைத்து, தன் ஊர் வழக்கப்படி ஒரு கை உப்பும் போட்டுவிட்டார். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பருப்பு வேகவில்லையா? ஊருத் தண்ணி. சோப்பு நுரைக்கவில்லையா? ஊருத் தண்ணி. முடி கொட்டுகிறதா, அதுவும் ஊருத் தண்ணி. என் தம்பி கணக்கில் ஃபெயிலானபோது அம்மா அதற்கும் தண்ணீரைத்தான் சொன்னாள். எதற்கும் தயாராக ஒரு காரணம் கையில் இருந்தால் அப்புறம் யார் யோசிக்கப்போகிறார்கள்? நானும் யோசிக்கவில்லை.

நான் யோசித்திருக்க வேண்டியவள். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பார்க்காததை எழுத மாட்டேன்

என் வாய்க்கொழுப்புக்கு ஒரு பழைய கதை உண்டு. காலேஜில் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பரீட்சை. ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி இறங்கியது என்று எழுத வேண்டும். அதை வைத்துக் கரைசலின் செறிவைக் கணக்குப் போட வேண்டும். லேப் அட்டெண்டர் பெஞ்சு பெஞ்சாகப் போய், “இருபது புள்ளி ரெண்டு, இருபது புள்ளி ரெண்டு” என்று காதோடு சொல்லிக்கொண்டு போனார். எல்லாரும் அதையே எழுதினார்கள்.

எனக்குப் பதினெட்டு புள்ளி ஏழு வந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதேதான். எழுதினேன்.

“எல்லாருக்கும் இருபது வந்திருக்கு, உனக்கு மட்டும் இன்னாமா?” என்றார் பரீட்சை நடத்த வந்தவர்.

“எனக்கு வந்தத எழுதியிருக்கேன் சார்.”

மார்க்கை வெட்டிவிட்டார். எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. ‘பார்க்காததை எழுத மாட்டேன்’ என்பதைப் பல வருஷம் மெடல் போலக் குத்திக்கொண்டு திரிந்தேன். தோல் ஷாப் இன்டர்வியூவில்கூட இந்தக் கதையைத்தான் சொன்னேன். அதற்காகவே வேலை கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஏழு வந்த பிறகே ஆசிட்

பாமே மீட்டர் என்பது பெரிய மந்திரம் இல்லை. உள்ளே காற்றடைத்த கண்ணாடிக் குழல். அடியில் குண்டான வயிறு, அதற்குள் ஈயக் குண்டுகள். மேலே ஒல்லியான தண்டு, அதற்குள் எண் போட்ட காகிதப் பட்டை. நல்ல தண்ணீரில் விட்டால் பூஜ்யம் வரை முழுகும். உப்புத் தண்ணீர் கனமானது, மீட்டரைத் தூக்கிவிடும். எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவு உப்பு. நூறு கிராம் கரைசலில் ஐந்து கிராம் உப்பு என்றால் கிட்டத்தட்ட ஐந்து டிகிரி.

தோலைப் பதப்படுத்தும் குரோம் ரசாயனத்தை ஏற்றும் முன்னால், தோலை ஆசிட்டில் ஊற வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் உப்பு. போதுமான உப்பு இல்லாமல் ஆசிட் பட்டால் தோல் தண்ணீரை இழுத்து வீங்கிவிடும். வீங்கிய தோலை அப்புறம் யாராலும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் டிரம்முக்கு எதிரே சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: ‘பாமே 7 வந்த பிறகே ஆசிட்.’

கண்ணாடி மீட்டர், ஈரக் கை. மாதம் ஒன்று உடையும். எனக்குக் கோபமாக வரும். ஒருநாள் பிளம்பரைக் கூப்பிட்டு, டிரம் பக்கத்துத் தூண்களில் தூணுக்கொரு பிளாஸ்டிக் பைப் துண்டு அடிக்கச் சொன்னேன். தண்டை உள்ளே விட்டால் குண்டு வயிறு பைப் வாயில் உட்கார்ந்துகொள்ளும். தலைகீழாக நிற்கும், ஆனால் விழாது, உடையாது. எல்லாரும் பாராட்டினார்கள். நான் இரண்டு நாள் கால் தரையில் படாமல் நடந்தேன்.

மூன்றாம் நம்பர் டிரம்மின் தூண் மட்டும் மேற்குப் பார்த்தது.

கதவைத் திறந்த காலை

கத்திரி வெயில் முடியும் சமயம். காலை ஷிஃப்டில் மூன்றாம் நம்பர் டிரம்மின் கதவைத் திறந்தபோது நானும் இருந்தேன். வெளியே இழுத்த முதல் தோல் கனமாக வழுக்கி விழுந்தது. இரண்டு மடங்கு தடிப்பு. ஓரமெல்லாம் கண்ணாடி போலப் பளபளத்தது. விரலால் அழுத்தினால் ரப்பர் போலத் திரும்பி வந்தது.  டிரம் முழுக்க அப்படித்தான்.

மேனேஜர் தண்டபாணி சார் வந்தார். ஒரு பார்வை பார்த்தார். நேராக இம்தியாஸ் பாயிடம் போனார்.

“உப்பு போட மறந்துட்டேன்னு எழுதிக் குடு.”

“மறக்கல சார். ஏழு பார்த்துட்டுதான் ஆசிட் உட்டேன்.”

“ஏழு பார்த்திருந்தா இது எப்டிடா வீங்கும்? மதியம் பெரிய பாய் வர்றாரு. அதுக்குள்ள லெட்டர் என் டேபிள்ல இருக்கணும். இல்லன்னா நாளையிலேர்ந்து கேட்டுக்குள்ள கால் வெக்காத.”

பெரிய பாய் என்றால் எங்கள் முதலாளி. இம்தியாஸ் பாய் பதினாறு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர். எல்லார் முன்னாலும் அவரை ‘டா’ போட்டது எனக்குப் பொறுக்கவில்லை.  டிரம்மிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு லேப்புக்குப் போனேன்.

உப்பை அளக்க, ஆசிட்டைச் சமன் செய்து, மஞ்சள் சாயம் இரண்டு சொட்டு விட்டு, சில்வர் நைட்ரேட்டைச் சொட்ட விட்டேன். மஞ்சள் மறைந்து செங்கல் நிறம் தட்டுகிற இடத்தில் நிறுத்தினேன். மூன்று தடவை செய்தேன். நூறுக்கு ஐந்து. ஏழு இல்லை, ஐந்து.

ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். தண்டபாணி சார் அதைக் கொடி போல ஆட்டிக்கொண்டு போனார். “பார்த்தியா? லேபே சொல்லுது, உப்பு கம்மின்னு. இன்னும் இன்னா பேச்சு?”

இம்தியாஸ் பாய் என்னைப் பார்த்தார். “உங்க கணக்கு எனக்குத் தெரியாது மேடம். நான் ஏழு பார்த்தேன். அல்லா மேல ஆணையா சொல்றேன். நீங்களே வந்து பாருங்க.”

போனேன். அதே டிரம், அதே தண்ணீர், அவருடைய மீட்டர். ஏழு காட்டியது.

பேட்டரித் தண்ணீர்

ஒரே தண்ணீருக்கு இரண்டு பதில். என் ப்யூரெட் உப்பையே எண்ணிச் சொல்கிறது. மீட்டருக்கு உப்பு தெரியாது, கனம்தான் தெரியும். ஆசிட் கொஞ்சம் கனம் கூட்டும்தான், ஆனால் இரண்டு டிகிரி கூட்டாது. இரண்டு. இரண்டு என்று யாரோ என்னிடம் சொன்னார்களே?

ஜாடியோடு வந்து நின்ற இம்தியாஸ் பாய் ஞாபகத்துக்கு வந்தார்.

ரோட்டுக்கு எதிரே இன்வெர்ட்டர் கடை. ஓடிப்போய் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், சீல் உடைக்காத பாட்டில்களாக வாங்கி வந்தேன். அதில் உப்பும் கிடையாது, ஊரும் கிடையாது. ஒரு பாட்டிலை ஜாடியில் ஊற்றி மீட்டரை விட்டேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு காட்டியது.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே காகிதப் பட்டையை ஒட்டியிருந்த மெழுகு இளகி, பட்டை தண்டின் நுனிப் பக்கம் நகர்ந்திருந்தது. முன்பு அது ஒட்டியிருந்த இடத்தில் ஒரு மங்கலான கோடு மட்டும் பாக்கி. சாயங்கால வெயில் நேராக விழும் தூணில், கொதிக்கும் பைப்புக்குள் தலைகீழாக நின்றால் மெழுகு இளகாமல் என்ன செய்யும்? யார் அடிக்கச் சொன்ன பைப் அது?

இன்னும் கேளுங்கள். எங்கள் போர் தண்ணீரை ஒரு லிட்டர் சுண்டக் காய்ச்சினால் மூன்று நான்கு கிராம் உப்பு தேறும். இரண்டு டிகிரி என்றால் லிட்டருக்கு இருபது கிராம். கடல் தண்ணீரில் பாதிக்கு மேல். அந்தத் தண்ணீரில் குளித்து, பாத்திரம் கழுவி நாங்கள் உயிரோடு இருப்போமா? நாலாங்கிளாஸ் பிள்ளை போடுகிற கணக்கு. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த நான் போடவில்லை. சிரித்தேன்.

ரிஜிஸ்டரை எடுத்தேன். ‘பாமே மீட்டர் சரிபார்ப்பு, மாதம் ஒருமுறை.’ ஒவ்வொரு மாதமும் ‘சரி’, பக்கத்தில் என் கையெழுத்து. முதல் மாதம் பார்த்தேன். அப்புறம் பார்க்கவே இல்லை. பார்க்காததை எழுத மாட்டேன் என்று சவடால் அடித்த அதே கை எழுதிய கையெழுத்து.

இம்தியாஸ் பாயிடம் போய்க் கேட்டேன். “இந்த மீட்டர் ரொம்ப நாளா இப்டித்தான காட்டுது? முன்னாடி போட்ட லாட்டெல்லாம் எப்டி பாய் தப்பிச்சுது?”

“எனக்கு மனசு கேக்கல மேடம். ஏழு வந்தாலும் என் கைக் கணக்குக்கு ரெண்டு மூட்டை ஜாஸ்தி போட்டுக்கினு இருந்தேன். கழிவுத் தண்ணியில உப்பு ஜாஸ்தி வெளிய போவுதுன்னு சார் சத்தம் போட்டாரு. மீட்டர் ஏழு காட்டினா நிறுத்து, உன் கைய யாரு கேட்டாங்கன்னாரு. நேத்துதான் நிறுத்தினேன்.”

ரிப்போர்ட் கரெக்டாத்தானே இருக்கு

தண்டபாணி சாரிடம் மீட்டரைக் காட்டினேன். மனிதர் புத்திசாலி, ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார். கதவைச் சாத்தினார்.

“இதப் பாரும்மா. மீட்டர் கோளாறுன்னா ரிஜிஸ்டர் கேப்பாங்க. ரிஜிஸ்டர்ல யாரு கையெழுத்து?”

“என்னுது சார்.”

“அவன் ஆபரேட்டர். இங்க இல்லன்னா வேற ஷாப். நீ லேப் பொண்ணு. பேரு கெட்டுச்சின்னா அவ்ளோதான், இந்த ஏரியா ஷாப்ல ஒருத்தன் உள்ள உட மாட்டான். நீ பொய் ஒண்ணும் சொல்ல வேணாம். அஞ்சுன்னு எழுதியிருக்க, அஞ்சுதான். ரிப்போர்ட் கரெக்டாத்தானே இருக்கு? அதோட நின்னுக்கோ.”

என்னை அசைத்தது அந்தக் கடைசி வார்த்தைதான், மறைக்க மாட்டேன். அஞ்சு உண்மை. உண்மையை எழுதிவிட்டு, மீதியைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.  அப்பாவின் மருந்து, தம்பியின் படிப்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. நல்லவள் வேஷம் போட இது நேரமா என்றும் தோன்றியது.

அப்புறம் கோபம் வந்தது. தண்டபாணி சார் மேல் இல்லை. கண்ணாடியில் தெரிந்தவள் மேல். பதினெட்டு புள்ளி ஏழுக்கு மார்க்கை விட்டவளாம் இவள். இவளுக்கு ஒரு மனுஷன் வேலையைவிடத் தன் கையெழுத்து பெரிசாம்.

மூன்று ஜாடிகள்

பெரிய பாய் வந்து உட்கார்ந்ததும், யாரும் கூப்பிடாமலே மூன்று ஜாடிகளோடு உள்ளே போனேன். இம்தியாஸ் பாய் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் எழுதாத வெள்ளைத் தாள்.

முதல் ஜாடியில் போர் தண்ணீர். மீட்டர் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது.

“நம்ம ஊரு தண்ணி பாய், அப்டித்தான் காட்டும்” என்றார் தண்டபாணி சார்.

என் வார்த்தை, அவர் வாயில். செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

பேட்டரித் தண்ணீர் பாட்டிலின் சீலைப் பெரிய பாய் கையாலேயே உடைக்க வைத்து இரண்டாம் ஜாடியில் ஊற்றினேன். இரண்டு. மூன்றாவதில், அவர் கண் எதிரே ஐம்பது கிராம் உப்பை நிறுத்து, தொள்ளாயிரத்து ஐம்பது கிராம் பேட்டரித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஐந்து காட்ட வேண்டியது. ஏழு காட்டியது.

பெரிய பாய் குனிந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இத யாரு செக் பண்றது?”

“நான்தான் பாய். செக் பண்ணாமயே சரின்னு எழுதினேன். தலைகீழா வெக்கற பைப்ப அடிக்கச் சொன்னதும் நான்தான். இவரு வந்து, வெறும் தண்ணியில ரெண்டு காட்டுதேன்னு கேட்டாரு. சிரிச்சு அனுப்பிட்டேன். ஜாஸ்தி உப்பு போட்டு அவரா சமாளிச்சதையும் நாமதான் நிறுத்தினோம்.”

‘நாம’ என்றபோது தண்டபாணி சாரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பெரிய பாய் இம்தியாஸ் பாய் பக்கம் திரும்பினார். “நீ ஏன் ரெண்டாந்தரம் கேக்கல?”

“படிச்சவங்க சிரிச்சிட்டா, அதுக்கு மேல இன்னா கேக்கறது பாய்?”

 நான் அழமாட்டேன் என்று நினைத்திருந்தேன். அழுதேன். பிறகு நேராகப் போய் அவர் கையிலிருந்த வெள்ளைத் தாளை வாங்கி, அந்த மேஜையிலேயே வைத்து எழுதினேன். தவறு லேப்புடையது, காரணம் நான் என்று எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

இம்தியாஸ் பாய் அன்றைக்கு மீதி ஷிஃப்ட்டை டிரம்மிலேயே முடித்தார். என்னிடமிருந்து லேப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நாலு மாதம் ஃபினிஷிங் பிரிவில் தோலின் தடிப்பு அளந்துகொண்டிருந்தேன். பழைய ரிஜிஸ்டர் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள். முடியாது என்றேன். அந்த ‘சரி’கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன, என் கையெழுத்தோடு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

குனிந்து பார்ப்பது

லேப்புக்குத் திரும்பி வந்த முதல் நாள் காலை, இம்தியாஸ் பாய் ஜாடியோடு வந்தார். பேட்டரித் தண்ணீர், புது மீட்டர். மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னா காட்டுது மேடம்?”

குனிந்து, கண்ணை மட்டத்துக்கு வைத்துப் பார்த்தேன். “பூஜ்யம் பாய்.”

அவரும் குனிந்து பார்த்தார். “சரி. எழுதுங்க.”

மாதம் ஒருமுறை போதும் என்றுதான் ரூல். அவர் தினமும் கொண்டு வருகிறார். எனக்கு நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன், “இன்னும் என் மேல கோவமா பாய்?”

“கோவம்லாம் இல்ல மேடம். வேலைய காப்பாத்திக் குடுத்தீங்க. ஆனா அன்னிக்கு நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல.”

போன வாரம் ஒருநாள் ஏகப்பட்ட சாம்பிள். ப்யூரெட்டில் கை வைத்தபடியே, நின்ற இடத்திலிருந்து ஜாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பூஜ்யம் பாய்” என்றேன்.

அவர் நகரவில்லை.

“குனிஞ்சு பாருங்க மேடம்.”

குழாயை மூடிவிட்டு வந்தேன். குனிந்து பார்த்தேன். பூஜ்யம்தான். எழுதினேன்.